சுமை இறங்கிய வண்டி

மாம்பழப் பருவம் நெருங்க நெருங்கச் சித்தூர்ச் சாலையோரப் பட்டறைகளில் சம்மட்டி ஓசை கூடும். பின்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கிய பிக்கப் வண்டியின் யூ போல்ட்டுகளைக் கழற்றி, நடுப்போல்ட்டை உருவியதும், அதுவரை ஒரே உடம்பாக வண்டியைத் தாங்கிய பட்டைக்கட்டு தனித்தனி இரும்புத் தகடுகளாகப் பிரிந்து மண்ணில் கிடக்கும். நீளப்பட்டை ஒன்று, அதைவிடக் குட்டையாக இன்னொன்று, அதைவிடவும் குட்டையாக மற்றொன்று என அடுக்கினால் படிக்கட்டு போலிருக்கும். வளைவு தளர்ந்த பட்டையைத் தட்டித் தட்டி மறுபடி வில்லாக்குவார் பட்டறைக்காரர். நல்ல பட்டை மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது தொண்டை கட்டிய குரலில் பேசும். எல்லாம் முடிந்து கட்டும்போது கூடுதலாக ஒரு பட்டை உள்ளே போகும். தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் இங்கே பெங்களூரா என்றும் பெயர் பெற்ற மாங்காயைக் கொள்ளளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, கூழ் ஆலை வாசலில் வரிசை நகரும்வரை அந்த வண்டி காத்து நிற்க வேண்டும். பட்டையைக் கூட்டு என்பதுதான் இந்தப் பட்டறைகளின் காதுக்குப் பழகிய சொல். பழைய பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, "ரெண்டு பட்டையை எடுத்துடுங்க அண்ணே, வண்டி தரையோட படிஞ்சு நிக்கணும்" என்று ஒரு பையன் கேட்டால், பட்டறைக்காரர் முதலில் சிரிப்பார். பிறகு, அப்படியானால் எதை ஏற்றப் போகிறாய் என்று கேட்பார். எதையும் ஏற்றப் போவதில்லை என்ற பதில் அவருக்கு விளங்க நேரமாகும்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. நம் ஊர்களில் வண்டி என்பது வெகுகாலம் இரண்டு சாதியாக இருந்தது. கட்டை வண்டியின் அச்சுக்கும் பலகைக்கும் நடுவே எதுவும் இல்லை. சக்கரம் கல்லில் ஏறினால் மூட்டையும் ஏறி இறங்கும், அதன்மேல் உட்கார்ந்தவனின் முதுகெலும்பும் ஏறி இறங்கும். வில்வண்டியோ அச்சின்மேல் இரும்பு வில் வைத்து, அதன்மேல் கூடு கட்டி, வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, காளைகளுக்குச் சலங்கை பூட்டிக் கிளம்புவது. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1804. சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் கோச் வண்டி கட்டத் தொடங்கியது 1840-ல். இரும்பு வில் எந்த வழியாக வந்திருந்தாலும், தமிழ் அதற்குப் புதுப்பெயர் தேடி அலையவில்லை. வளைந்து கொடுத்து மீள்வது எதுவோ அது வில். பட்டைக்கட்டை வடக்கே லாரிக்காரர்கள் இன்றும் கமானி என்கிறார்கள். அதன் வேரான கமான் என்ற பாரசீகச் சொல்லுக்கும் வில் என்றே பொருள். போர்க்களத்திலிருந்து கழன்ற ஆயுதம் ஒன்று வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, மேலே இருப்பவரைக் குலுக்கலிலிருந்து காக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டது.

யாரைக் காப்பது என்பதில்தான் வரலாறு நுழைகிறது. 1893-ல் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்டோர் நடக்கவே கூடாதென்று தடுக்கப்பட்ட பொதுச்சாலையில், அவர்களில் ஒருவரான அய்யங்காளி ஒரு வில்வண்டியை வாங்கி ஓட்டிச் சென்றார். நடந்துபோய் அந்தத் தடையை மீறியிருக்கலாம். அவர் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். அதிலும், சுமைக்கான கட்டை வண்டியை விட்டுவிட்டு, மேட்டுக்குடியின் சொகுசுக்கென்றே இருந்த வில்வண்டியைத் தேர்ந்தெடுத்தார். சந்தைக்கு மூட்டை கொண்டுபோகிறவன் என்று சாலை ஒருவனை ஒருவேளை மன்னித்துவிடும். மூட்டை இல்லாமல், அவசரமும் இல்லாமல், சலங்கை ஒலிக்கப் போகிறவனை அது மன்னிப்பதில்லை. அவர் கேட்டது அந்த மன்னிப்பை அல்ல, உரிமையை.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், பூமியின் மறுபக்கத்தில் இதே காட்சி வேறு உடுப்பில் அரங்கேறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல்மூட்டை வைத்தும் சுருள்வில்லை அறுத்தும் தாழ்த்தினார்கள். தாழ்வாக, மெதுவாகப் போவதே அவர்களுடைய அழகு. 1958 முதல், சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் சொன்னது. அடுத்த ஆண்டுவாக்கில் ரான் அகிர்ரே என்பவர், கழித்துவிடப்பட்ட விமானங்களின் ஹைட்ராலிக் பாகங்களைத் தன் கார்வெட் காரில் பொருத்தினார். காவலர் வந்தால் வண்டி எழும், போனால் படுக்கும். தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஓடி ஓய்ந்த பிக்கப்புகளும் இந்த வரிசையில் சேர்ந்தன. வண்டியைத் தாழ்த்துவதற்கு இருந்த அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரி 1-ல். தாத்தாவுக்கு விதித்த தண்டனை பேரனின் தலைமுறையில் கண்காட்சியாகிவிட்டது.

தாழ்த்துவது எளிய வேலை போலத் தோன்றும். பெரும்பாலான பிக்கப்புகளில் பின் அச்சு பட்டைக்கட்டுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அதை எடுத்துப் பட்டைக்கு மேலே வைத்தால், அச்சுக்குழாயின் பருமனும் பட்டைக்கட்டின் பருமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி இறங்கிவிடும். ஆனால் அச்சு மேலெழும் இடமும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். முதல் பள்ளத்திலேயே சேஸிஸில் போய் இடிக்கும். ஆகவே அச்சுக்கு நேர்மேலே சேஸிஸை அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடம் முறியாதபடி தடித்த தகடு சேர்த்துக் கட்ட வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ் உராயாமல் திருப்பிவிட வேண்டும். பழைய வண்டியென்றால், பெயிண்டுக்கு அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெட்டும்போதுதான் தெரியும். பட்டை கூட்டும் கைக்கு வேண்டிய அறிவில் ஒரு குன்றிமணியும் இதில் குறையாது.

சித்தூர் மண்ணுக்கும் அந்த அமெரிக்கக் கதைக்கும் உறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1972-ல் அமெரிக்காவில் ஷெவர்லே லவ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சிறு பிக்கப்பைச் செய்து அனுப்பியது ஜப்பானின் இசுசு. அதன்பின் அங்கே இளைஞர்கள் தாழ்த்தி அழகு பார்த்த சிறு பிக்கப்புகளில் அதுவும் ஒன்று. அதே இசுசு 2016-ல் ஸ்ரீசிட்டியில் ஆலை திறந்து, இன்றைய திருப்பதி மாவட்டத்து மண்ணில் பிக்கப் செய்கிறது. அந்த மண்ணின் பெயர்ப்பலகைகளைத்தான் காலம் எத்தனை முறை மாற்றி எழுதியிருக்கிறது! 1911-ல் வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் ஆக்கினார்கள். 1953-ல் அது ஆந்திரத்தோடு போனது. 1960-ல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பியது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானது. அதே மண்ணில், திருமலைக்கு வண்டிகள் ஏறும் முதல் மலைச்சாலை போட்டது 1944-ல். அதற்கு முன் ஏற முடியாதவர்களை டோலியில் வைத்து மனிதத் தோள்களே சுமந்தன. மூங்கில் வளைந்து கொடுத்ததால் மேலே இருந்தவர் குலுங்கவில்லை. அந்த வில்லின் இரண்டு முனையிலும் ஆள் இருந்தான்.

வண்டியைத் தாழ்த்தும் விளையாட்டுக்கு நம் சட்டம் இடம் தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-ல் வந்த பழமை வாகன விதியோ, ஐம்பது ஆண்டு கடந்தும் உருவம் மாறாத வண்டிக்கே மரியாதை செய்கிறது. முதுமையை அப்படியே காப்பதற்கு வழியுண்டு, முதுமைக்குப் புது நடை பழக்குவதற்கு இல்லை. சாலையில் போகும் மற்றவரின் உயிரை நினைத்தால் இந்தக் கண்டிப்பில் நியாயமும் உண்டு. எந்தத் தலைமுறையிலும் சாலைக்கும் விளையாட்டுக்கும் வழக்கு தீர்ந்ததில்லை. நம் காலத்தில் தீரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்த ஆசையை அயல்நாட்டு மோகம் என்று மட்டும் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சந்திரகிரிக்கு அருகே ரங்கம்பேட்டையில், கனுமா நாளன்று, அதாவது நம் மாட்டுப்பொங்கலன்று, நுகத்தடி கழன்ற காளைகளின் கொம்புக்கு வண்ணம் தீட்டி, சாமி படம் ஒட்டிய பலகையைக் கட்டி ஓட விடுகிறார்கள். ஆண்டெல்லாம் சுமந்த உடம்புக்கு ஒரு நாள் சுமையில்லாத அழகு. ஓய்ந்த பிக்கப்பைத் தேய்த்துச் சாயம் பூசி, தரையோடு படியவைத்து, ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் போகிறவனும் அந்தச் சடங்கைத்தான் தனக்குத் தெரிந்த மொழியில் செய்கிறான். கட்டை வண்டி ஒன்று, காலம் கடந்து, வில்வண்டியாகிறது.

பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. ஏற்றிய பிக்கப்பைவிட வெறும் பிக்கப்தான் அதிகம் குலுங்கும். ஒரு டன்னுக்கென்று அடித்த வில், ஒரு டன் இறங்கிய பிறகும் அந்தப் பாரத்தையே நினைத்துக்கொண்டு விறைத்து நிற்கும்; சின்னக் கல்லுக்கும் வண்டியைத் தூக்கி எறியும். நம் பாட்டன்மார் மூட்டை தூக்கினார்கள். நம்மில் பலர் தூக்குவதில்லை. ஆனாலும் முதுகு அதே விறைப்போடு இருக்கிறது, எதையும் ஏற்றாமல் போவதற்குக் கொஞ்சம் கூசுகிறது. அந்தப் பையன் கேட்பது இரண்டு பட்டைகளை எடுக்கச் சொல்லித்தான். கழற்றிய பட்டைகளைப் பட்டறைக்காரர் தூக்கி எறியமாட்டார். துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைப்பார். அடுத்த மாம்பழப் பருவத்துக்கு அவை வேறொரு வண்டிக்கு வேண்டியிருக்கும்.