சுவர் யாருக்குக் காவல்?

"பொட்டப் புள்ளைங்கள பையனுங்களோட ஒக்கார வச்சா கெட்டுப்போயிடும்" என்கிறார்கள். எது கெட்டுப்போகும்? சாதிதான். சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916-லேயே அம்பேத்கர் நிறுவிவிட்டார். கூடப் படித்த ஆதிக்கசாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜை 2015-இல் கடத்திக் கொன்றார்கள்.

1848-இல் பூனாவில் புலே தம்பதியர் திறந்த பெண்கள் பள்ளி, பார்ப்பனியம் அடைத்த கதவை உடைத்தது. இன்று 'பிரித்து வை' என்பவர்கள் கேட்பது கதவல்ல, காவல்.

எங்க சேரிக்குப் பக்கத்துல இருந்தது ஆண்கள் பள்ளி. நான் படிச்சேன். பெண்கள் பள்ளிக்கு மூணு மைல், ஊர்த்தெரு வழியா நடக்கணும். அக்கா எட்டாவதோட நின்னுடுச்சு.

தோழர்களே, சேரிக்குப் பக்கத்திலேயே பள்ளி, அதில் கழிப்பறை, பெண் ஆசிரியர்கள், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் பெஞ்சு. இதைக் கேட்போம். நடுவில் நிற்பது சாதி கட்டிய சுவர், இடிப்போம்.