நந்தன் கதையைத் திரும்ப எடுக்க வேண்டும்

தமிழ்ப் பேசும் படத்தின் ஆரம்ப காலத்தில் வந்தவை பெரும்பாலும் புராணக் கதைகள். அவற்றில் பலவற்றை அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்றை மட்டும் விடக் கூடாது தோழர்களே! அது பண்ணையாள் நந்தனின் கதை.

நந்தன் நமக்கு அந்நியன் அல்ல. திருவதிகையிலிருந்து தெற்கே சிதம்பரம் தாண்டினால் கொள்ளிடக் கரை. அவன் ஊர் ஆதனூர் அங்கேதான். திருவதிகைக் கோயிலில் அருள் பெற்ற அப்பரும் நாயன்மார், நந்தனும் நாயன்மார். உழவாரம் பிடித்த அப்பர் உள்ளே போனார். உழவே தொழிலான நந்தன் வெளியே நின்றான்.

1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். சம்பளம் லட்ச ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. 1942-ல் ஜெமினி வாசன் தண்டபாணி தேசிகரை வைத்து மீண்டும் எடுத்தார். தேசிகர் குரலுக்கு உருகாதவர் யார்? குறை பாட்டில் இல்லை, வயலில் இருக்கிறது.

சேக்கிழார் பாடிய கதையில் வேதியர் என்ற ஆண்டை கிடையாது. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் அவரைக் கொண்டுவந்தார். மிராசுப் பண்ணைகளைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா! சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலியையும் பயிரிட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல்! நாற்று நட்டு முதுகு ஒடிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. பிறகு என்ன? ஒரே இரவில் தெய்வம் வேலையை முடித்துவிடுகிறது. ஆண்டை மனம் மாறி நந்தன் காலில் விழுகிறார். நிலமோ அவரிடமே இருக்கிறது! நாற்பது வேலியில் வருஷம் முழுதும் பாடுபட்ட ஆணும் பெண்ணும் எங்கே போனார்கள்?

கடைசியில் நெருப்பு. அதில் இறங்கி எழுந்தால்தான் நந்தன் உள்ளே வரலாமாம். 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தார் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த நெருப்பைப் பக்திப் பாட்டோடு காட்ட முடியுமா? நந்தன் வந்த வழியென்று சொல்லப்படும் சிதம்பரம் கோயில் தெற்கு வாசலை அடைத்த சுவரை எடுக்கச் சொல்லி 2010-ல் போராட்டமே நடந்தது. இதெல்லாம் படத்தில் வர வேண்டாமா?

பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. வேண்டிய மட்டும் பாடட்டும். அறுப்பு முடிந்து களத்தில் கூலி அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருந்தது என்பதையும் காட்டட்டும்.