வீட்டில் வளர்த்தால் சுத்தமாகிவிடுமா?

"கடைக் கஞ்சாவை நம்ப முடியாது. வீட்டில் வளர்த்து, வீட்டிலேயே காயவைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டுப் பக்குவப்படுத்தியதுதான் சுத்தம்." கனடாவில் கஞ்சா வளர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இது வந்துவிடும். 2018 அக்டோபர் 17 முதல் அங்கே கஞ்சா சட்டபூர்வமானது. வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கக் கூட்டரசுச் சட்டம் இடம் தருகிறது. கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடை செய்தது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மற்ற பெரும்பாலான இடங்களில் பின்கட்டிலும் நிலவறையிலும் செடி நிற்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் மூன்று செடி வளர்க்கலாம். டொராண்டோவின் தமிழ் வீடுகளிலும் இப்போது இந்தப் பேச்சு சகஜம்.

இந்தியாவில் கதை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்ப்பதே குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனவே இங்கே நான் பேசுவது, சட்டம் அனுமதித்த நாடுகளில் வளர்க்கிறவர்களைப் பற்றி. கஞ்சா புகைக்கலாமா கூடாதா என்ற வழக்குக்குள்ளும் நான் போகவில்லை. வீட்டுச் சரக்கு என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கை பொய். அதிலும் நோயாளிகளை நெருங்கும்போது ஆபத்தான பொய். அதைத்தான் மறுக்கிறேன்.

இந்த நம்பிக்கைக்கு அடியில் ஓர் ஊகம் இருக்கிறது. அழுக்கு என்பது வெளியிலிருந்து வருவது: கம்பெனிக்காரன் அடிக்கும் மருந்து, போடும் உரம், அவனுடைய பேராசை. அவனை விலக்கிவிட்டால் மிஞ்சுவது தூய செடி. ஆனால் கஞ்சாவில் கேடு பெரும்பாலும் செடியை வெட்டும் நேரத்தை ஒட்டித்தான் வேலையைத் தொடங்குகிறது. உயிரோடு நிற்கும் செடிக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வழி உண்டு. வெட்டிய பூவுக்கு அது கிடையாது. அதற்குப் பிறகு எல்லாம் காய்ச்சல் பதத்தைப் பொறுத்தது. அந்தப் பதம் அமைவது வளர்க்கிறவரின் கையிலும், அவர் வீட்டுக் காற்றிலும்தான்.

தெற்கு ஒன்டாரியோவில் வெளியில் வளர்த்த செடி அறுவடைக்கு வருவது ஏறக்குறைய அக்டோபரில். குளிர், தூறல், காலைப் பனி மூன்றும் சேர்ந்த மாதம் அது. அறுத்த பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் கொண்டுபோய் நிலவறையில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். நான்கு நாளில் மேலே தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும். ஆசை பொறுக்காது; எடுத்து ஜாடியில் அடைத்துவிடுவார்கள். பூ என்று சொல்கிறோமே தவிர, அது நெருக்கிக் கட்டிய கதம்பம் மாதிரி அடர்ந்த ஒரு கொத்து. வெளிச்சுற்று காய்ந்திருக்கும்போது நடுத்தண்டில் ஈரம் அப்படியே நிற்கும். மூடிய ஜாடிக்குள் அந்த ஈரம் மெல்ல வெளியே வந்து பூ முழுவதும் பரவும்.

சாம்பல் பூஞ்சை என்று திராட்சைத் தோட்டக்காரர்கள் அஞ்சும் போட்ரைட்டிஸ் இங்கே எப்படி வருகிறது என்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் போதும். பூ வெளியே பச்சையாக, பிசுபிசுப்பாக, மணமாகவே இருக்கும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சிற்றிலை மட்டும் பழுப்பேறித் துவண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். பூவைப் பிளந்தால் உள்ளே தண்டு பழுப்பாக நைந்து, சுற்றிலும் சாம்பல் தூசு. பிளக்கும்போது எழும் அந்தத் தூசு முழுக்க வித்துகள். பிளக்காமல் பார்த்தவருக்கு அது நல்ல பூ. இதுதான் "சுத்தம்" என்று ஜாடிக்குள் போகிறது.

ஜாடியைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று வாங்கவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். ஜாடி என்ன செய்யும், என்ன செய்யாது என்பது மறைபொருள் அல்ல. ஒரு பொருளில் நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய ஈரம் எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரை அளக்கிறார்கள்; சுத்தமான தண்ணீர் 1. காய்ந்த கஞ்சாப் பூவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த வரம்பு 0.55 முதல் 0.65. மூடிய ஜாடிக்குள் ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் என்பது ஏறத்தாழ இதே கணக்குதான். இதற்குள் இருந்தால் பெரும்பாலான பூஞ்சைகள் வளராது. வளராது என்றுதான் சொல்கிறேன். சாகும் என்று சொல்லவில்லை. உலர்த்துவது வித்துகளைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. வரம்பு தாண்டிய ஜாடியை எத்தனை முறை திறந்து மூடினாலும் உள்ளே முளைத்தது திரும்பிப் போகாது. திறந்ததும் அம்மோனியா நெடி அடித்தால் பாக்டீரியா ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அந்த நெடியையும் "இன்னும் பக்குவம் வரவில்லை" என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நிலக்கடலை விளையும் மண்ணில் பிறந்த நமக்கு இது புரியாமல் இருக்கக் கூடாது. சரியாகக் காயாத கடலையை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று களத்துமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை கக்கிய நஞ்சு. அஃப்ளடாக்ஸின் என்று அதற்குப் பெயர் வந்ததே அதற்குப் பிறகுதான். கஞ்சாப் பூவில் கண்டெடுக்கப்படுவதும் இதே ஆஸ்பெர்ஜில்லஸ் குடும்பம். கடலையைத் தின்கிறோம், பூவை நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். வித்து போய் உட்கார நுரையீரலைவிடத் தோதான இடம் எது?

"அதுதான் நெருப்பில் எரிந்துவிடுமே" என்பார்கள். எரிவது முனை மட்டும். அதற்குப் பின்னால் இருக்கிற பகுதி வழியாகத்தான் காற்று உள்ளே வருகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் கஞ்சா சுருட்டின் வழியே உயிரோடு கடந்துவருவதை 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட ஒருவர், பூஞ்சை பிடித்த கஞ்சாவைப் புகைத்ததோடு தொடர்புள்ள நுரையீரல் தொற்றால் இறந்தது 1988இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 2017இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மருத்துவர்கள், வட கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு இருந்த 20 மாதிரிகளைச் சோதித்தபோது ஆஸ்பெர்ஜில்லஸ், மியூக்கார் பூஞ்சைகளும் கிளெப்சியெல்லா பாக்டீரியாவும் கிடைத்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 2016ஆம் ஆண்டின் காப்பீட்டுப் பதிவுகளை அலசியதில், கஞ்சா பயன்படுத்தியதாகப் பதிவானவர்களிடம் பூஞ்சைத் தொற்று மற்றவர்களைப்போல் மூன்றரை மடங்கு காணப்பட்டது. கஞ்சாதான் காரணம் என்று இந்த எண் மட்டும் நிரூபித்துவிடாது. ஆனால் கவலைப்படாதே என்று சொல்லும் எண்ணும் அல்ல.

புகைக்காதவருக்கும் இதில் பங்குண்டு. 1981இல் ஒஹையோ, மிச்சிகன் மாநிலங்களில் சால்மொனெல்லா வகையொன்று பரவி 85 பேருக்கு நோய் கண்டது. வழக்கம்போல் உணவில் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் பொது இழையாக அகப்பட்டது கஞ்சா: புகைத்தவர்களோடு, அது புழங்கிய வீட்டில் இருந்தவர்களும் நோயுற்றிருந்தார்கள். கஞ்சாவைத் தொட்ட கை சமையலறைக்கும் போகும், குழந்தையையும் தூக்கும்.

அடுத்தது, ஜாடியில் நாள்பட நாள்பட வீரியம் ஏறும் என்ற பெருமை. சில வாரப் பக்குவத்தில் பச்சை நெடி தணிந்து காரல் குறைவது உண்மை. வீரியம் மட்டும் ஏறுவதில்லை, இறங்குகிறது. போதை தரும் டிஎச்சி காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டுச் சிதைந்து, கன்னபினால் என்ற வலுக்குறைந்த பொருளாகிறது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அறை வெப்பத்தில் சேமித்த கஞ்சாவை அளந்தார்கள். ஓராண்டில் டிஎச்சியில் ஏறத்தாழ 17 சதவீதம் போயிருந்தது. நான்காண்டில் 41 சதவீதம். இந்தச் சிதைவு அறிவியலையே சுற்றலில் விட்டது. 1896இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பிவி, ஈஸ்டர்ஃபீல்ட் மூவரும் இந்தியச் சரஸை ஆராய்ந்து கன்னபினாலைத்தான் முதலில் எட்டினார்கள். டிஎச்சியைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க 1964இல் இஸ்ரேலின் மெஷூலமும் காவோனியும் வரவேண்டியிருந்தது. மணமும் அப்படித்தான்: எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகின்றன. பழைய ஜாடியில் ஏறுவது சொந்தக்காரரின் பெருமிதம் மட்டுமே.

"இயற்கையாக வளர்ந்தது" என்ற கடைசிக் கேடயத்தையும் பார்த்துவிடலாம். கஞ்சா இனம் மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்ச வல்லது. அதனால்தான் கெட்ட மண்ணைச் சுத்தப்படுத்த அதன் சணல் வகைகளை நட்டுப் பார்க்கிறார்கள். பழைய வீட்டின் உதிர்ந்த ஈயப் பெயின்ட் கலந்த மண்ணில் வளரும் செடியும் அதையே செய்யும். உலர்த்தும்போது போவது தண்ணீர்தான், உலோகம் போகாது. நான்கு கிலோ பச்சைப் பூ ஒரு கிலோவாகச் சுண்டும்போது அதிலிருந்த உலோகம் எடைக்கு நான்கு மடங்காகச் செறிகிறது. சிவமூலிகை, சித்தர் மருந்து என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்த மருத்துவம் கஞ்சாவை நச்சுச் சரக்காகவே வைத்திருக்கிறது. சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. இந்திய மருந்து விதிகளின் இ-1 அட்டவணையிலும் அது நச்சுப் பொருள்களோடுதான் நிற்கிறது. இயற்கை என்பதாலேயே தூய்மை என்று நம் மரபு ஒருபோதும் சொன்னதில்லை.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கனடாவில் உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் சரக்கில் 2016, 2017 வாக்கில் மைக்ளோபியூட்டனில் என்ற தடைசெய்யப்பட்ட பூஞ்சைக்கொல்லி பிடிபட்டது. சூடேறினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவிடும் மருந்து அது. சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். வீட்டில் வளர்க்கிறவர் தம் செடிக்கு எதை அடித்தார் என்று அறிவார். அது பெரிய ஆறுதல்தான். கடைப் பூ எலும்பாய்க் காய்ந்து கிடக்கிறது என்ற புகாரும் பல நேரம் மெய். கம்பெனிகள் காமா கதிர் பாய்ச்சுகின்றன என்ற புகாருக்கு மட்டும் வலுவில்லை. கதிர் பூவில் தங்குவதில்லை, டிஎச்சியை மாற்றுவதில்லை, மண எண்ணெய்களைச் சற்றுக் குறைக்கிறது, அவ்வளவே. வீட்டில் யாராலும் கொல்ல முடியாத வித்துகளை அது கொல்கிறது.

ஆனால் அந்த மைக்ளோபியூட்டனில் எப்படித் தெரியவந்தது? யாரோ சோதித்தார்கள். அதனால் தெரிந்தது. அதன் பிறகு பூச்சிக்கொல்லிச் சோதனையே கட்டாயமாயிற்று. இன்று கனடாவில் உரிமத்தோடு விற்கும் பூ நுண்ணுயிர், பூஞ்சை நஞ்சு, உலோகம், பூச்சிக்கொல்லி எல்லாவற்றுக்கும் சோதிக்கப்பட்டு, தொகுதி எண்ணோடு வருகிறது. கேடு தெரிந்தால் அந்தத் தொகுதியையே திரும்ப அழைக்கிறார்கள். வீட்டு ஜாடி ஒருபோதும் பிடிபடாததற்குக் காரணம் அது சுத்தமாக இருப்பதல்ல. அதை யாரும் பார்ப்பதில்லை. குற்றப்பத்திரிகை இல்லாததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நேர்மையாக வளர்க்க நினைப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. இருட்டறை, 15 முதல் 20 டிகிரி வெப்பம், 55 முதல் 60 சதவீத ஈரப்பதம், அறையில் உலவும், ஆனால் பூவின்மேல் நேரே அடிக்காத காற்று, பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை பொறுமை. பருத்த பூக்களைப் பிளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் சில டாலர் விலையுள்ள ஈரமானி ஒன்று கிடக்க வேண்டும். முள் 65ஐத் தாண்டினால் பூவை வெளியே எடுத்துப் பரப்ப வேண்டும். பூஞ்சை கண்டால் அந்தப் பகுதியை மட்டும் கிள்ளாமல் பூவையே குப்பையில் போட வேண்டும். இத்தனையும் செய்தால் ஆபத்து குறையும். அப்போதும் அது சோதிக்கப்படாத பொருள்தான்.

தம் உடம்பை வைத்து ஒருவர் துணிந்துகொள்வது அவர் பாடு. ஆனால் ஜாடி ஒரே வீட்டில் நிற்பதில்லை. வயதுவந்தவர்கள் 30 கிராம் வரை பகிர்ந்துகொள்ளக் கனடாச் சட்டம் அனுமதிக்கிறது. "கீமோ எடுக்கிறீங்க அக்கா, கடையில வாங்காதீங்க, இது வீட்டுது, மருந்து மாதிரி" என்று அன்போடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கீமோவில் வெள்ளணுக்கள் சரிந்தவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், நாள்தோறும் ஸ்டீராய்டு எடுப்பவர் — ஆஸ்பெர்ஜில்லஸ் தேடும் ஆட்களே இவர்கள்தான். நல்ல நுரையீரல் அழித்துவிடும் வித்து இவர்களிடம் முளைவிடும். ஆகவே வீட்டு ஜாடிக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நோயாளி கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது சோதனை முடிவோடு வரும் மருந்து. அதுவும் தேவையா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.