பிஜியிலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் காட்ட ஆளில்லை

பிஜியின் லம்பாசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம் காஞ்சிபுரம் வர வேண்டுமென்றால் முதலில் தீவைக் கடக்க வேண்டும். லம்பாசா இருப்பது வனுவா லெவுவில். சிறு விமானத்திலோ, நபோவாலு துறையில் கப்பலேறியோ பெரிய தீவான விட்டி லெவுவுக்கு வந்து நாடி விமான நிலையத்தைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூரிலோ சிட்னியிலோ மாறி 11,000 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். வருடக்கணக்கில் பணம் சேர்த்து அப்படி வருகிறவர்கள் நம் தாலுகாவுக்குள் வந்த பிறகுதான் வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து பிஜி கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 15,000 பேர். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. அன்றைக்கு எங்கள் ஊர் திருப்புட்குழியும் செங்கல்பட்டு ஜில்லாதான். போனவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எமிக்ரேஷன் பாஸ் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் அதில் இருக்கும். பிஜியின் சுவா நகர ஆவணக் காப்பகத்தில் அதன் நகல் வாங்கிக்கொண்டுதான் கொள்ளுப்பேரன்கள் கிளம்புகிறார்கள்.

சென்ற ஆண்டு பாலுசெட்டி சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் அப்படி ஒரு தம்பதியைப் பார்த்தேன். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். பேசுவது ஆங்கிலமும் பிஜி இந்தியும். பாஸில் இருந்த ஊர்ப்பெயர், யாரோ காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் கிறுக்கியது. கடைசியில் ‘பாக்கம்’ மட்டும் புரிகிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் பாக்கத்துக்கா பஞ்சம்? ஓர் அலுவலகத்தில் அவர்களிடம் சர்வே நம்பர் கேட்டிருக்கிறார்கள். இன்னோரிடத்தில், நிலத்தில் பங்கு கேட்டு வந்தவர்களோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அந்த அம்மா இதைச் சொன்னபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது. இராமபிரான் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் எங்கள் ஊர். இங்குள்ள விஜயராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் அந்தத் தம்பதி கொள்ளுத்தாத்தாவை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். அவர் பிறந்த ஊரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கிறது. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறோம். ‘வேர்களைத் தேடி’ திட்டத்தில் 18 முதல் 30 வயது வரையிலான பிள்ளைகளை அழைத்து வந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் ஏங்கிக்கொண்டு இருப்பது அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள். அவர்கள் பார்க்க விரும்புவது தங்கள் சொந்த ஊரை.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆங்கிலம் தெரிந்த ஓர் ஊழியரைப் பொறுப்பாக வைக்க வேண்டும். பாஸ் நகலைப் புறப்படும் முன்பே அவருக்கு அனுப்ப வழி வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள பழைய பதிவேடுகளைப் பார்த்து, ஊர்ப்பெயர்கள் அன்று ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதப்பட்டன என்று ஒரு பட்டியல் எடுத்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். மீதிக்கு அந்தந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரும் நாலு பெரியவர்களும் போதும். வந்திருப்பவர்கள் நிலம் கேட்டு வரவில்லை என்று அந்த அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் போக வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் முதலில் தொடங்கலாம். அடுத்த ஜனவரி 12 மேடையிலேயே இதை அறிவிக்க வேண்டும்.