பழைய வீட்டுச் சுவரை உடைக்கிறதுக்கு முன்னாடி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தாத்தா காலத்து வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு, "டாக்டர், எங்க வீட்டுப் பூச்சுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா?"ன்னு கேக்குறாங்க. அங்கே சீலிங் பூச்சுல கல்நார் கலந்த காலம் உண்டு. நம்ம பழைய சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை, இல்லன்னா மண் பூச்சு.

ஒரு சின்னத் துண்டைத் தண்ணியில போடுங்க. கரைஞ்சு சேறானா மண். கரையாம, வெளுப்பா, நடுவுல வெள்ளைக் கட்டிகளோட, சாவியால கீறினா உதிர்ந்தா காரை. சாம்பல் நிறத்துல கெட்டியா இருந்தா சிமென்ட். வினிகர் விட்டா காரை நுரைக்கும். ஆனா சிமென்ட்டும் நுரைக்கும். அதை மட்டும் நம்பாதீங்க.

கல்நார் நம்மகிட்ட இருக்கிற இடம் வேற. பின்கட்டு, மாட்டுக்கொட்டகை, மொட்டைமாடி ஷெட்டு மேல இருக்கிற அலை அலையான பழைய ஷீட். வெள்ளைக் கல்நாருக்கு இந்தியாவுல இன்னும் தடை இல்லை. ஆனா எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, லேப்ல மைக்ராஸ்கோப் வேணும். அதனால பழைய ஷீட்னா இருக்குன்னே வச்சுக்கோங்க. உடையாம நல்லா இருந்தா தொடாதீங்க. இறக்கித்தான் ஆகணும்னா நனைச்சு, போல்ட்டைக் கழட்டி முழுசா இறக்குங்க. கட்டர், சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

கதவு, ஜன்னல்ல இருக்கிற பழைய எனாமல் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். 90 பிபிஎம் வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். உப்புத்தாளால காய்ஞ்ச நிலையில தேய்க்காதீங்க, நெருப்பு வச்சும் உரிக்காதீங்க. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியுற வரை வேற வீட்டுல இருக்கட்டும்.

என்னோட உண்மையான கவலை இது எதுவும் இல்லை. காரையோ சிமென்ட்டோ, ரெண்டுலயும் மணல் இருக்கு. வயரிங்குக்குக் கிரைண்டர் வச்சு சுவரை வெட்டுறப்ப பறக்குற தூசியில சிலிக்கா இருக்கு. சிலிக்கோசிஸ் வந்தா குணமாக்க மருந்து கிடையாது. டிபி வர்ற வாய்ப்பும் கூடும். நீங்க அந்தத் தூசியில நிக்கிறது பத்து நாள். சித்தாள் அக்கா நிக்கிறது வருஷக்கணக்கா, தலைத்துண்டை மூக்குல கட்டிக்கிட்டு. துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. டைல்ஸுக்கு லட்சக்கணக்குல எடுத்து வைக்கிறவங்க, என்95 மாஸ்க்கையும் சுவரை நனைக்கத் தண்ணியையும் எஸ்டிமேட்லயே எழுதச் சொல்லுங்க. அது கொத்தனார் செலவு இல்லை, வீட்டுக்காரங்க செலவு.

கடைசியா, புதுச் சுண்ணாம்பு நீத்துறப்ப கண்ணுல தெறிச்சா (வெத்தலைச் சுண்ணாம்பும் அப்படித்தான்) பால், எண்ணெய் எதுவும் விடாதீங்க. இமையை விரிச்சுப் பிடிச்சு, அரை மணி நேரம் நல்ல தண்ணியை ஊத்திக் கழுவுங்க. அப்புறம் அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க, வலி குறைஞ்சிருந்தாலும்.