மலையேறும் வண்டிக்கும் மூச்சு வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு கிலோ பெட்ரோல் செவ்வனே எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். 1,500 மீட்டர் உயரத்திலோ காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வடிகட்டியும் தூசியால் அடைபட்டிருந்தால் எஞ்சின் மேலும் திணறும். முன்செல்லும் பேருந்தைக் கடக்கும் நொடியில் வேகம் எழாவிடில் ஆபத்து நமக்கு மட்டுமன்று, எதிரே வருவோர்க்குந்தான்.

காகித வடிகட்டியைக் கழுவலாகாது, மாற்றவேண்டும். அதிவேகக் கார்களில் பொருத்தும் பருத்தி வடிகட்டியை, உரிய கரைசலிட்டு, உட்புறமிருந்து வெளிநோக்கி, மெல்லிய நீரோட்டத்தில் கழுவுவோம். சூடு காட்டாமல் தானே உலரவிட்டு, அதற்குரிய எண்ணெயை அளவோடு இடுவோம். எண்ணெய் மிகுந்தால் காற்றை அளக்கும் உணர்கருவி பழுதுறும். குறைந்தால் தூசி உட்புகுந்து சிலிண்டரைத் தேய்க்கும். குடும்பத்தோடு மலையேறுமுன் இச்சிறு பணியை முடிப்போமாக!