கறுப்புத் திரையில் தமிழுக்கு இடமில்லையா?

பெக்கோக் ஒரு சிற்றூர். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது. சுற்றிலும் செம்பனையும் இரப்பரும். அப்பால் எண்டாவ் ரொம்பின் காடு. இவ்வூர்த் தமிழ்ப்பிள்ளைக்குக் கணினியின் கறுப்புத் திரையும், அதில் கட்டளை தட்டி நடத்தும் குழு உரையாடலும் எதற்கு என்று வினவுவோர் உளர். தொட்டவுடன் படமும் குரலும் ஓடும் புலனம் கையில் இருக்கையில், முப்பது ஆண்டுக்கு முந்திய முறையைத் தூசு தட்டி எடுப்பானேன் என்பது அவர்தம் வாதம். அதற்கும் ஒரு படி மேலே சென்று, அத்திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதில்லை, ஆகவே அது தமிழ்ப்பள்ளிக்கு உரியதன்று என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றனர். முதல் வாதம் அரைகுறையானது, இரண்டாவது ஆபத்தானது.

முதலில் பொருள் இன்னதென அறிதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினேன் என்பார் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை உருவாக்கினார். பலர் ஓர் அறையில் கூடி எழுத்தால் பேசிக்கொள்ளும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பிய முறை அது. அந்த அறைக்குள் நுழைவதற்கான கட்டளை வரிச் செயலிகளுள் 1999இல் வெளிவந்த 'இர்சி', 2003இல் தோன்றிய 'வீசாட்' ஆகியவை இன்றும் வழக்கில் உள்ளன. இரண்டும் காசு கொடாமல் பெறத்தக்கவை. திரையின் அடியில் ஒரு வரி. அதில் தட்டியது மேலே ஏறிச் செல்லும். சாய்கோடு இட்டுத் தொடங்கினால் அது கட்டளை, இல்லையேல் பேச்சு. இவ்வளவே இலக்கணம். நன்னூலின் புணரியலைக் கற்பிக்க வல்ல ஆசிரியருக்கு இது அரை நாழிகைப் பாடம்.

ஐ.ஆர்.சி.யின் 1993ஆம் ஆண்டு விதிப்படி ஒரு செய்தி 512 பைட்டுகளைத் தாண்டலாகாது. கைப்பேசியில் எடுத்துச் சுருக்காமல் அனுப்பும் நிழற்படம் ஒன்று 20 இலட்சம் பைட்டுகள் கொண்டதாயின், அதே பாரத்தில் இத்தகைய வரிகள் ஏறத்தாழ 3,900 செல்லும். அலைக்கற்றை தடுமாறும் தோட்டப்புறங்களுக்கு எது ஏற்றது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் சபா மாநிலத்துப் பித்தாஸ் பகுதியில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தொடர்பு தேடி மரத்தின்மேல் ஏறித் தேர்வு எழுதியதை நாடே கண்டது. அதன் பின்னரும், வகுப்புக் குழுக்களில் நான்கு வரி அறிவிப்பைத் தாளில் எழுதி, அதனைப் படம் பிடித்து அனுப்பும் வழக்கம் ஒழியவில்லை. படமாகப் போன எழுத்தைச் சொல் கொண்டு தேடுவதும் எளிதன்று. வல்லினம் மிகும் இடங்கள் குறித்து மூன்றாண்டுக்கு முன் ஓர் ஆசிரியர் அரிதின் எழுதிய விளக்கம் எங்கே? கைப்பேசி மாறியபோது பலருக்கு அது போயிற்று. கட்டளை வரிச் செயலியோ, கேட்டுக்கொண்டால், அறையில் பேசப்பட்டவற்றைச் சாதாரண உரைக்கோப்பாகப் பள்ளியின் கணினியிலேயே எழுதி வைக்கும். ஒற்றைச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் பழைய விளக்கம் வந்து நிற்கும்.

பெருநிறுவனங்களின் உரையாடற் செயலி இருக்கையில் இது ஏன் என்பார்க்கும் ஒரு சான்று உண்டு. அலுவலகக் குழுக்களுக்கென 2013இல் வெளிவந்த ஸ்லாக், ஐ.ஆர்.சி. வழியாகவும் தன் அறைகளுக்குள் நுழைய ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. கறுப்புத் திரையில் பணியாற்றுவோர் பலர் அதனை நம்பியிருந்தனர். 2018 மே மாதத்தில் அவ்வாயில் அடைக்கப்பட்டது. வீடு அவர்களுடையது, கதவும் அவர்களுடையது. இதனை உணர்ந்தமையாலன்றோ பிரான்ஸ் அரசு, தன் ஊழியர் உரையாட, மேட்ரிக்ஸ் என்னும் திறந்த முறைமையின்மேல் 'சாப்' என்னும் செயலியைத் தானே அமைத்து 2019இல் வெளியிட்டது! அரசுக்கு எட்டிய எச்சரிக்கை ஆசிரியர்க்கு எட்டலாகாதா?

இவையெல்லாம் வசதி பற்றிய வழக்கு. மொழி பற்றிய வழக்கு வேறு, அதுவே பெரிது.

குழு அறைகளில் தமிழர் தமிழரோடு பேசுகையில் எந்த எழுத்தில் பேசுகின்றனர்? பெரும்பாலும் ரோமன் எழுத்தில். பகலில் மாணவன் கட்டுரையில் விடுபட்ட ஒற்றைச் சிவப்பு மையால் சுழிக்கும் அதே கை, இரவில் ஆசிரியர் குழுவில் அறத்தையும் அரத்தையும் ஒரே நான்கு ரோமன் எழுத்தால் எழுதிவிட்டு உறங்கச் செல்கிறது. மனமும் மணமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இவ்வாறு எழுதுவோரைக் கேட்டால் கைவசம் ஒரு விடை வைத்திருப்பர்: கணினிக்குத் தமிழ் பாரம், தமிழ் எழுத்து உடைகிறது, ஆங்கில எழுத்தே விரைவு.

பாரத்தை எடைபோட்டுப் பார்க்கலாம். ஒருங்குறியை இணையத்தில் அனுப்பும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும் என்பது மெய். 'அறம்' என்பதில் அகரம், றகரம், மகரம், புள்ளி என நான்கு குறியீடுகள். ஆகப் பன்னிரண்டு பைட்டுகள். ரோமனில் நான்கே. மும்மடங்குதான். ஆயினும் திருக்குறளின் முதற் குறள் முழுவதையும் சீர் இடைவெளியோடு எழுத 123 பைட்டுகளே ஆகின்றன. 512இல் அனுப்புநர் பெயருக்கும் அறைப் பெயருக்கும் ஒரு பகுதி போனாலும், குறளை எழுதி அதன் கீழ்ப் பொருளுரைக்கவும் இடம் மிஞ்சும். குறளுக்கு இடம் தரும் வரியில் நாளைய கூட்டத்தின் அறிவிப்புக்கு இடமில்லை என்பது வெறும் சாக்கு.

எழுத்து உடைகிறது என்பது சாக்கன்று, உண்மை. கட்டளை வரி ஓடும் முனையம், திரையைச் சதுரங்கப் பலகைபோல் ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்பது அதன் பிறவிக் குணம். சீன எழுத்து அகலம் என்பதறிந்து அதற்கு இரண்டு கட்டங்கள் ஒதுக்கினர். தமிழுக்கு அவ்வாறு உட்கார்ந்து கணக்கிட்டவர் குறைவு. 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் குறி, திரையில் ககரத்தின் இருபுறமும் நிற்றல் வேண்டும். இதனை அறியாத முனையம் கொம்பை ஓரிடத்திலும் காலை வேறோரிடத்திலும் சிதறடிக்கும். பன்மொழி எழுத்தைக் கருதி எழுதப்பட்ட எம்.எல்.டெர்ம் போன்றவை இருந்தும், அவற்றைத் தேடிச் செல்வோர் சிலரே. குறை யாருடையது? கொம்புடையதா, கட்டம் வகுத்தவருடையதா? கொம்பின்மேல் பழி போட்டுக் கொம்பையே துறப்பது, செருப்புக் கடிக்கிறதென்று காலை வெட்டுவதாகும்.

இவ்விடத்தில் ஐ.ஆர்.சி. விதிநூலின் ஒரு சிறு செய்தியைத் தமிழாசிரியர் அனைவரும் அறிதல் நன்று. அவ்விதிப்படி நெளிவு அடைப்புக்குறிகளும் நேர்கோடும், சதுர அடைப்புக்குறிகளுக்கும் பின்சாய்கோட்டுக்கும் சிற்றெழுத்துகளாகக் கொள்ளப்படும். அடைப்புக்குறியில் பெரிதேது, சிறிதேது என்று சிரிக்கத் தோன்றும். காரணத்தை அந்நூலே சொல்கிறது: இம்முறை ஸ்காண்டிநேவியப் பகுதியில் பிறந்தமையால் இவ்விதி. பின்லாந்தாரின் பழைய கணினிக் குறியீட்டில் அவ்விடங்களில் நின்றவை அவர்தம் மொழியின் புள்ளியிட்ட உயிரெழுத்துகள். அவற்றுக்குப் பெரிய வடிவும் சிறிய வடிவும் உண்டு. தம் மொழிக்கு இசைவாகக் கருவியை வளைத்துக்கொண்டனர். உலகமும் அதனை ஒப்புக்கொண்டு பின்பற்றியது. கருவியைச் செய்பவன் மொழி கருவிக்குள் புகும். செய்யாதவன் மொழி வாயிலில் நிற்கும்.

வாயிலில் நிற்பதென்பது உவமையன்று. அதே விதிநூலின்படி அறையின் பெயர் எவ்வெழுத்திலும் இருக்கலாம்; உள்ளே வருவோரின் பெயரோ ரோமன் எழுத்திலும் எண்ணிலும் சில குறிகளிலுமே அமைதல் வேண்டும். அறைக்குப் 'பெக்கோக்' என்று தமிழில் பெயர் சூட்டலாம். அதனுள் நுழையும் கண்ணன் மட்டும் தன் ணகரத்தையும் னகரத்தையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும்! இதனைக் கண்டு எந்தத் தமிழாசிரியர்க்கும் சினம் பிறக்கவில்லையெனில், அவர் இதுகாறும் அவ்வறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை என்பதே காரணமாதல் வேண்டும்.

சினந்து செயலாற்றியோர் முன்னர் இருந்தனர். சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சி தந்த நா. கோவிந்தசாமி, தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிய 1995ஆம் ஆண்டிலேயே அப்பணியில் முன்னின்றவர். அவர் மென்பொருள் வணிகரல்லர்; ஆசிரியர், எழுத்தாளர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 முதலே முரசு மென்பொருளை வளர்த்து வந்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே வாதிட்டு 'டிஸ்கி' என்னும் எழுத்துக் குறியீட்டை வகுத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் முகமறியாத தன்னார்வலர் பலர் கூடிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். அவர்களுக்குக் கிடைத்த கருவிகள் இன்றையவற்றினும் எளியவை. கூடிப் பேச எழுத்து ஒன்றே இருந்தது. அப்பெருமையை மேடைதோறும் முழங்குவோர், அவ்வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் விந்தை.

ஆசிரியர்க்கு ஏற்கெனவே சுமை மிகுதி என்பது மறுக்கவியலாதது. பாடக்குறிப்பு, இணையப் பதிவு, அறிக்கைமேல் அறிக்கை என நாள் தேய்கிறது. முன்பின் அறியாதார் உலவும் பொது அறைகளில் சிறுவரை விடுதலும் கூடாது. ஆனால் இதற்கு வேண்டுவது பொது அறையன்று. ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய கணினி ஒன்று போதும். பள்ளிக்குள்ளேயே இயங்கும் வழங்கியாக அதனை ஆக்கலாம். எர்கோ என்னும் கட்டற்ற ஐ.ஆர்.சி. வழங்கியைப் பிறமொழி எழுத்துப் பெயர்களையும் ஏற்கும்படி அமைக்க இயலும். அவ்வாறு அமைத்த அன்று கண்ணன் கண்ணனாகவே உள்ளே வருவான். பாட வேளைக்குப் பின் கணினிக் கழகத்தில் ஆறாம் ஆண்டு மாணவர் பதின்மர் இதனைச் செய்யட்டும். தமிழாசிரியர் ஒருவர் உடனிருந்து, பேசுவது தமிழெழுத்தில் என்பதை மட்டும் விதியாக்கட்டும். திரையில் கொம்பும் காலும் பிரிந்து நிற்குமாயின், எந்தச் சொல் எவ்வாறு உடைந்தது, எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதை மாணவர் ஏட்டில் குறித்து வைக்கட்டும். கட்டற்ற முனையங்களை எழுதுவோர் பிழை அறிவிப்புகளைக் கேட்டு வாங்குபவர்கள். தமிழ் எழுத்தின் முறைமையைத் தமிழாசிரியரைவிட அவர்களுக்கு எடுத்துரைக்கத் தக்கவர் யார்?